பதினாறு கட்டுரைக்கும் இடம் உண்டு

கேள்வி:

ஐயா, வணக்கம். பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வருகிற பள்ளி விடுமுறையில் ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்காக இரண்டு நாள் மாநாடு நடத்துகிறோம். ஏற்பாட்டுக் குழுவுக்கு நான்தான் செயலாளர். 120 பேர் வருவார்கள். 16 கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம், நான்கு கட்டுரை முடிந்ததும் 10 நிமிடம் கேள்வி நேரம் என்று நிரல் போட்டிருக்கிறோம்.

போன ஆண்டும் இதே ஏற்பாடுதான். சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்ததில் முதல் நாள் கேள்வி நேரம் முழுக்கப் போய்விட்டது. மதியத்துக்குப் பிறகு பாதிப் பேர் கைபேசியில் புலனம் (வாட்ஸ்அப்) பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் வெளியே தேநீர் மேசைப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே நடந்த பேச்சுதான் எனக்கே பயனாக இருந்தது. இந்த முறை வருகிறவர்களையும் பங்கெடுக்க வைக்கலாமே என்று கூட்டத்தில் கேட்டேன். "விளையாட்டெல்லாம் வேண்டாம், மாநாடு மாநாடாக இருக்கட்டும்" என்றார் குழுத் தலைவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எனக்குப் பாடம் நடத்தியவரும்கூட. கட்டுரை அனுப்பியவர்களில் யாரையும் நீக்கவும் முடியாது. நான் என்ன செய்யலாம்?

– பெயர் வேண்டாம் என்ற வாசகி, பட்டர்வொர்த்

பதில்:

டீச்சர், வணக்கம்.

முதலில் உங்கள் தலைவர் பக்கம் நின்று கொஞ்சம் பேசிவிடுகிறேன். அவர் சொன்னதில் பாதி சரி. காலை எட்டரை மணிக்குப் பினாங்குப் பாலத்து நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்த ஐம்பது வயது ஆசிரியையை எழுந்து நிற்கச் சொல்லி, கைதட்டச் சொல்லி, "உங்கள் பெயரோடு ஒரு மிருகத்தின் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கும் பயிற்றுநர்கள் கோலாலம்பூரிலும் நிறைய பேர் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அதைச் செய்தவன்தான். அதைப் பார்த்துச் சலித்த ஒரு பெரியவர் "விளையாட்டு வேண்டாம்" என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்பது வேறு. வந்தவர்கள் பாடத்தோடு மல்லுக்கட்ட வேண்டும் என்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் "பங்கேற்பு" என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அதைக் கேட்டதும் அவருக்குப் பலூன்தான் ஞாபகம் வரும்.

அவரிடம் ஹார்வர்ட், அமெரிக்க ஆய்வு என்றும் தொடங்காதீர்கள். நன்னூலில் தொடங்குங்கள். பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் சேரும். உடன் படிக்கிறவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. தமிழாசிரியர் யாருக்கும் இது புதிதில்லை. உங்கள் நிரலை இந்தக் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு நாளும் அந்த முதல் கால் பங்குக்கே போகிறது. இரண்டாவது கால் தேநீர் மேசையில் தற்செயலாக நடக்கிறது. அரைப் பங்கு நடக்கவே இல்லை. உங்கள் தலைவர் நன்னூலோடு சண்டை போட மாட்டார் என்று நினைக்கிறேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. 16 கட்டுரைக்கு 20 நிமிடம் வீதம் 320 நிமிடம். நான்கு கேள்வி நேரத்துக்கு 40 நிமிடம். மொத்தம் 360. அந்த 40 நிமிடமும் முழுதாகக் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் எழுந்து, ஒலிவாங்கி வந்து சேர்ந்து, வணக்கம் சொல்லி, "எனக்குக் கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று ஆரம்பித்து, கட்டுரையாளர் பதில் சொல்லி முடிக்க நான்கு நிமிடம் ஆகும். ஆக இரண்டு நாளில் வாய் திறப்பவர் பத்துப் பேர். மீதி 110 பேர் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் பாலம் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். அதே நான்கு நிமிடத்தில் "பக்கத்தில் இருப்பவரிடம் திரும்புங்கள், ஆளுக்கு இரண்டு நிமிடம்" என்றால் 120 பேரும் பேசி முடித்திருப்பார்கள். இதற்குப் பணம் வேண்டாம், மேசை நாற்காலியை நகர்த்தவும் வேண்டாம்.

சரி, நிரலுக்கு வருகிறேன். யாரையும் நீக்க வேண்டாம். 16 கட்டுரையில் ஆறை மட்டும் மேடைக்கு எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம் கொடுங்கள். அது 270 நிமிடம். மீதி பத்துக் கட்டுரைக்கும் சேர்த்து 90 நிமிடம். கூட்டினால் அதே 360தான். அந்த 90 நிமிடத்தில் பத்துக் கட்டுரையாளரும் பத்து மேசையில் ஒரே சமயத்தில் உட்காருவார்கள். ஒரு மேசைக்கு 12 பேர். 25 நிமிடம் ஆனதும் மணி அடிக்கும், மற்றவர்கள் வேறு மேசைக்குப் போவார்கள், கட்டுரையாளர் அங்கேயே இருப்பார். மூன்று சுற்று. இடம் மாற, தண்ணீர் குடிக்க 15 நிமிடம். பத்து மேசையும் ஒரே மண்டபத்தில் என்றால் இரைச்சல் தாங்காது. நான்கைந்தை நடைபாதைக்கும் சாப்பாட்டு அறைக்கும் தள்ளிவிடுங்கள்.

மேசை என்றதும் சில கட்டுரையாளர்கள் முகம் சுருங்கும், "மேடை இல்லையா?" என்று கேட்பார்கள். அவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள். மேடையில் ஏறுகிறவர் ஒரே தடவை, பாதித் தூக்கத்தில் இருக்கும் 120 பேரிடம் பேசுவார். இவரோ மூன்று தடவை, தேடி வந்து உட்கார்ந்த 12 பேரிடம் பேசுவார். முதல் சுற்றில் தடுமாறிய இடம் மூன்றாவது சுற்றில் தெளிந்திருக்கும். நன்னூல் சொன்ன அந்த அரைப் பங்கு முதலில் வாய்ப்பது அவருக்குத்தான். மாநாட்டு மலரில் 16 கட்டுரையும் முழுதாக அச்சாகட்டும், சான்றிதழிலும் எல்லாருக்கும் "கட்டுரை படைத்தவர்" என்றே போடுங்கள். மனம் கோணுவது பெரும்பாலும் சான்றிதழ் வாசகத்தில்தான்.

கட்டுரை வாசிப்பு நமக்கு இவ்வளவு பழகிப்போனதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் தனிநாயகம் அடிகளின் முயற்சியில் நடந்தது நம் கோலாலம்பூரில்தானே. அது ஆராய்ச்சி மாநாடு. ஒருவர் தன் சான்றுகளை வரிசையாக வைப்பார், மற்ற அறிஞர்கள் அதைச் சோதிப்பார்கள். அதற்கு அந்த வடிவம் பொருத்தம். நமக்குப் பெருமையும்கூட. ஆனால் அதற்குப் பிறகு எதற்கெல்லாம் "மாநாடு" என்று பெயர் வைத்தோமோ அதற்கெல்லாம் அதே சட்டையைப் போட்டுவிட்டோம். மூன்றாம் ஆண்டுப் பையன் ஏன் வாசிக்கத் திணறுகிறான் என்று பேசக் கூடும் ஆசிரியர்களுக்கு அந்தச் சட்டை பொருந்தாது. அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேடையில் இருப்பவரைவிட அனுபவம் அதிகம்.

இனி அந்த 45 நிமிடத்தில் என்ன செய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரியம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு கட்டுரை வகுப்பறை மதிப்பீட்டைப் பற்றியது என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 2021இல் எடுக்கப்பட்ட பிறகு, ஒரு மாணவன் ஒன்று முதல் ஆறு வரையிலான அடைவுநிலையில் எங்கே நிற்கிறான் என்பது ஆசிரியர் கண்ணைத்தான் நம்பியிருக்கிறது. வழக்கமான அமர்வில் என்ன நடக்கும்? ஆறு நிலைகளின் விளக்கமும் திரையில் வரும். எல்லாருக்கும் அது மனப்பாடம். கைகள் தானாகக் கைபேசியைத் தேடும்.

இப்படி மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு தாள். அதில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதிய கட்டுரையின் நகல், பெயரை மறைத்து. அமர்வு தொடங்கியதும் யாரும் பேசக்கூடாது. நான்கு நிமிடம் தனியாகப் படித்து, இது எந்த அடைவுநிலை என்று மூலையில் ஓர் எண்ணை எழுத வேண்டும். பிறகு கை தூக்கச் சொல்லுங்கள். மூன்று என்று போட்டவர்கள்? நான்கு? ஐந்து? நல்ல கட்டுரையாகத் தேர்ந்தெடுத்திருந்தால் மண்டபம் மூன்றாகப் பிரியும். நான் தரும் ஐந்து பக்கத்துப் பள்ளியில் மூன்றுதான் என்பதை அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பலர் அப்போதுதான் முதல் தடவையாகக் கண்ணால் பார்ப்பார்கள். ஒரு சலசலப்பு வரும். அந்தச் சலசலப்பை அடக்காதீர்கள். "உங்களுக்கு மாறான எண் போட்டவரைக் கண்டுபிடித்து, அவரைச் சம்மதிக்க வைக்கப் பாருங்கள்" என்று சொல்லி ஐந்து நிமிடம் விடுங்கள். திரும்பவும் ஒரு தடவை கை. கை தூக்குவதற்கெல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் போதும்.

இதற்குப் பிறகு கட்டுரையாளர் ஒலிவாங்கியை எடுக்கட்டும். 18 நிமிடம். இப்போது அவரைக் கேட்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை, எது சரி என்று தெரிந்துகொள்ளாமல் அவர்களுக்கே இருப்புக்கொள்ளாது. அவர் முடித்ததும் நால்வர் நால்வராக எட்டு நிமிடம். அடுத்த வாரம் திருத்தப்போகும் ஒரு பயிற்சியில் எதை மாற்றிப் பார்ப்பீர்கள் என்பது மட்டும்தான் கேள்வி. ஐந்து நிமிடத்துக்கு மூன்று பேர் குரல் மண்டபத்துக்குக் கேட்கட்டும். கடைசி மூன்று நிமிடம் குறிப்பேட்டை மூடிவிட்டு, நினைவிலிருந்து மூன்று விஷயங்களை எழுதச் சொல்லுங்கள். 45 சரியாகிவிட்டது.

கேட்டு, கை தூக்கி, பக்கத்தவரோடு வாதாடி, மறுபடி கை தூக்கும் இந்த வரிசை என்னுடைய சொத்தல்ல. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் இதை ஒரு முறையாக்கினார். அவருடைய மாணவர்கள் சூத்திரம் போட்டுக் கணக்கைச் சரியாகச் செய்தார்கள், அதே விஷயத்தை எளிய கேள்வியாகக் கேட்டால் விழித்தார்கள். அவர் விளக்கிப் புரியாதது பக்கத்து மாணவன் சொன்னதும் புரிந்தது. நூறில் 30க்கும் 70க்கும் இடையில் சரியாகச் சொன்னால் பேச விடுவார். அதற்குக் கீழே போனால் திரும்ப விளக்குவார், மேலே போனால் அடுத்ததுக்குப் போய்விடுவார். உங்கள் அமர்வுத் தலைவருக்கும் இந்த அளவுகோல் உதவும். எல்லாரும் ஒரே எண் போட்டுவிட்டால் விவாதத்தை விட்டுவிட்டு நேரே கட்டுரையாளரிடம் போய்விடலாம்.

பக்கத்திலிருப்பவன் பக்கத்திலிருப்பவனுக்குச் சொல்லித் தருவது நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைக் காலத்துச் சங்கதிதான். சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டு, பெரிய மாணவர்களைக் கொண்டு சின்னவர்களுக்குச் சொல்லித்தரும் முறையைத் தன் பள்ளியில் நடத்தினார். 1797இல் லண்டனில் அதை நூலாகப் போட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. இதையும் உங்கள் தலைவரிடம் சொல்லலாம், பிடிக்கும்.

அந்தக் கடைசி மூன்று நிமிடத்தை மட்டும் நேரம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள். எல்லாரும் முதலில் வெட்டுவது அதைத்தான். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு சாராருக்கு ஒரு பத்தியை இரண்டு தடவை படிக்கக் கொடுத்தார்கள். இன்னொரு சாரார் ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு ஞாபகம் இருந்தது நூற்றுக்கு 42 பங்கு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. மாநாட்டுக்கு வந்தவர்கள் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள் என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். மூன்று நிமிடம் எழுத விட்டிருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.

குழுப் பேச்சில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாமலிருக்க. பல ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு பயிலரங்கில் எட்டுக் குழு பிரித்தேன். குழுவுக்கொரு மாஜோங் தாள் (குழுவாக எழுதும் பெரிய தாள்), நாலு நிறத்தில் மார்க்கர். எழுதினார்கள், நன்றாகத்தான் பேசினார்கள். அப்புறம் ஒவ்வொரு குழுவும் முன்னால் வந்து ஐந்து நிமிடம் படைக்கட்டும் என்றேன். மூன்றாவது குழு வரும்போதே மண்டபம் செத்துவிட்டது. ஐந்தாவது குழுவிலிருந்து "எங்களுக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்" என்று ஆரம்பித்து, திரும்பவும் எல்லாவற்றையும் சொன்னார்கள். 40 நிமிடம் அப்படிப் போனது. மாலையில் மண்டபத்தைக் கூட்ட வந்த அக்கா சுருட்டிய தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, இதெல்லாம் வீசிடவா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து எல்லாக் குழுவையும் படைக்கச் சொல்வதே இல்லை. குழுக்களுக்கு நடுவே நடந்துபோய்க் காது கொடுக்கிறேன். ஒன்றுக்கொன்று மாறாக இருக்கும் இரண்டு கருத்துகளை மட்டும் எழுப்பிப் பேச வைக்கிறேன். தாளில் எழுதியதை யாருக்கு, எப்போது அனுப்பப்போகிறேன் என்று தெரியாவிட்டால் மாஜோங் தாளையே விரிப்பதில்லை.

பேசச் சொல்லும் கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "இதைப் பற்றிக் கலந்துரையாடுங்கள்" என்றால் யாரும் எதையும் கலந்துரையாட மாட்டார்கள், யார் எந்தப் பள்ளிக்கு மாறிப் போனார்கள் என்று பேசுவார்கள். "இதை உங்கள் வகுப்பில் செய்தால் முதலில் எந்த இடத்தில் சறுக்கும்?" என்று கேளுங்கள். குறை கண்டுபிடிக்கச் சொன்னால் நம் ஆட்கள் தயங்குவதே இல்லை. பேச்சுக்கு முன்னால் ஒரு நிமிடம் எழுத விடுங்கள். கூச்சம் உள்ளவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் கைத்தடி மாதிரி. அதற்கு மேலும் பேச விரும்பாதவரை விட்டுவிடுங்கள், கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

பொதுவில் கேள்வி கேட்டால் காத்திருங்கள். வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று 1970களில் கண்டார். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். பெரியவர்கள் நிறைந்த மண்டபத்தில் நான் மனத்துக்குள் பத்து வரை எண்ணுவேன். ஆறாவது எண்ணில் உடம்பு நெளியும். நெளிந்தாலும் பரவாயில்லை.

முதல் ஒலிவாங்கி யாரிடம் போகிறது என்பதையும் கவனியுங்கள். நம் மாநாடுகளில் மண்டபம் நிறைய ஆசிரியைகள் இருப்பார்கள், கேள்வி நேரத்தில் எழுவது முன்வரிசை ஆண்கள் மூவர். பத்து நாடுகளில் 250 அளவிலான கல்விக் கருத்தரங்குகளைப் பார்த்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வும் பெண்கள் குறைவாகவே கேள்வி கேட்கிறார்கள் என்றது. முதல் கேள்வியை ஓர் ஆண் கேட்ட அமர்வுகளில் அந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருந்தது. அமர்வுத் தலைவரிடம் முன்பே சொல்லிவையுங்கள், முதல் குரல் ஓர் ஆசிரியையுடையதாக இருக்கட்டும். நால்வர் குழுவில் ஏற்கெனவே நன்றாகப் பேசிய ஒருவரைப் பார்த்துவைத்து, "டீச்சர், இப்போது சொன்னதை எல்லாருக்கும் சொல்லுங்களேன்" என்றால் அவர் மறுக்க மாட்டார். முன்வரிசை மூவரும் அதனால் வாடிவிடப் போவதில்லை.

கைபேசி வினாடிவினாச் செயலிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் குழுவில் யாராவது "கஹூட் போடலாமே" என்பார்கள். போடலாம். அரை மணி நேரம் கூச்சல் நன்றாக இருக்கும். வேகமாகத் தட்டினவருக்குப் புள்ளி என்ற விதியில் யோசனைக்கு இடமில்லை. தூக்கிய கையும் மூலையில் எழுதிய எண்ணும் போதும், வைஃபையை நம்பியிருக்க வேண்டாம்.

கட்டுரையாளர்களைத் தயார்செய்வதுதான் உங்களுக்கு அதிக வேலை வைக்கும். நான்கு வாரம் முன்பே ஆறு பேரிடமும் தனித்தனியாக, தொலைபேசியில் பேசுங்கள். புலனத்தில் செய்தி போட்டால் "நன்றி, கண்டிப்பாக" என்று பதில் வரும், அன்றைக்கு 40 படவில்லையோடு (ஸ்லைடு) வந்து நிற்பார்கள். மூன்று கேட்டால் போதும். கேட்பவர்கள் எதில் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? அவர்கள் கையில் கொடுக்க உங்களிடம் என்ன இருக்கிறது, மாணவன் எழுதிய தாளா, வாசிப்புப் பதிவா, பயிற்சி அட்டையா? 18 நிமிடத்தில் எதை விட்டுவிடலாம்? இதில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எல்லாரும் திணறுவார்கள். "விரிவாக மலரில் இருக்கிறது" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர அவர்களுக்கு அனுமதி கொடுங்கள். அமர்வுத் தலைவர் கட்டுரையாளரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிக்க வேண்டாம், அதுவும் மலரில் வந்துவிடும். அவருடைய வேலை கடிகாரம் மட்டும்.

ஒருவேளை ஆறில் ஒருவர், அந்த மண்டபத்தில் யாருக்குமே தெரியாத ஒன்றைக் கொண்டுவருகிறார் என்றால், உதாரணமாக எழுத்துகள் குழம்பும் பிள்ளைகளோடு பல ஆண்டு வேலை செய்த ஒருவர், அவரை 30 நிமிடம்கூடப் பேச விடுங்கள். நல்ல சொற்பொழிவுக்கு நான் எதிரி இல்லை. பட்டிமன்றத்தை மூன்று மணி நேரம் அசையாமல் கேட்கும் கூட்டம் நம்முடையது. நம் ஆட்களுக்குக் கேட்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சிறப்பு விருந்தினர் விஷயம். தாமதமாகத்தான் வருவார் என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் அந்த நான்காம் ஆண்டுக் கட்டுரையை எல்லார் கையிலும் கொடுத்துவிடலாம். விருந்தினர் டத்தோ வந்து சேரும்போது மண்டபம் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்து அவரே இரண்டு வார்த்தை குறைத்துப் பேசினாலும் பேசலாம். எப்படியானாலும் தாமதத்தை அமர்வு நேரத்திலிருந்து கழிக்கக்கூடாது, திறப்பு விழா உரைகளிலிருந்து கழிக்க வேண்டும் என்று கூட்டத்திலேயே தீர்மானம் எழுதி வைத்துவிடுங்கள். அன்று காலையில் யாரிடமும் இதைப் பேச முடியாது.

ஒன்றுக்கு மட்டும் மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். முடிவில் கருத்துப் படிவம் கொடுப்பீர்கள். போன ஆண்டைவிட மதிப்பெண் குறைவாக வரலாம். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அருமையான விரிவுரையும் மறுபாதிக்குத் தாங்களே முயன்று பேசிக் கற்கும் வகுப்பும் நடத்தினார்கள். சோதனையில் இரண்டாம் பாதிதான் அதிகம் கற்றிருந்தது. ஆனால் "எவ்வளவு கற்றாய்?" என்று கேட்டபோது விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். வழவழப்பான பேச்சு புரிந்த மாதிரி ஒரு மயக்கம் தரும். தானே முட்டி மோதினால் களைப்புத்தான் தெரியும். ஆகவே அன்று மாலை படிவத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மூன்று வாரம் கழித்து 120 பேருக்கும் புலனத்தில் ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: "மாநாட்டுக்குப் பிறகு வகுப்பில் எதை மாற்றினீர்கள்?" முப்பது பேர் ஏதாவது ஒன்றை எழுதினால் அதைத் தட்டச்சு செய்து குழுத் தலைவர் கையில் கொடுங்கள்.

இவ்வளவும் சொல்லியும் அவர் அசையவில்லை என்றால் சண்டை வேண்டாம், உங்கள் ஆசிரியர் அவர். ஒரே ஒரு அமர்வை மட்டும் உங்களுக்குத் தரச் சொல்லிக் கேளுங்கள். முதல் நாள் பிற்பகல் இரண்டு மணி அமர்வு. மதியச் சாப்பாட்டுக்கு நாசி கண்டார் சொல்லியிருப்பீர்கள், பினாங்கில் வேறென்ன சொல்வார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு வருகிற கூட்டத்துக்கு முன்னால் நிற்க எந்தக் கட்டுரையாளரும் போட்டிக்கு வர மாட்டார்.